துருவ மண்ணில் ஒரு சடலம்: உரமா, மூடாக்கா? மண்ணுயிர்களை ஆராய முழுமையான வழிகாட்டி

1903 டிசம்பரில் கேப்டன் ராபர்ட் ஸ்காட்டும் இரண்டு துணைவர்களும் அன்டார்க்டிகாவின் பனியற்ற பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கி நடந்தார்கள். இன்று அதன் பெயர் டெய்லர் பள்ளத்தாக்கு. அங்கே பாசியோ லைக்கனோ அவர்கள் கண்ணில் படவில்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு சீலின் எலும்புக்கூடுதான் அவர்கள் கண்ட ஒரே விலங்குத் தடயம். இது செத்த பள்ளத்தாக்கு என்று ஸ்காட் முடிவுகட்டினார். அப்படிப்பட்ட மண்ணில் நூற்புழுக்கள், நீர்க்கரடிகள், ரோட்டிஃபெர்கள் என்னும் நுண்ணிய விலங்குகள் வாழ்கின்றன என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவானது. இறந்த விலங்கு ஒன்று கிடக்கும் இடத்தில் அந்த வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பது அதைவிடப் புதிய கேள்வி.

மண்ணியல், நுண்ணுயிரியல், சூழலியல் படிக்கும் மாணவர்களையும், இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று அறிய விரும்பும் வாசகர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். டெய்லர் பள்ளத்தாக்கும் அடங்கிய, அன்டார்க்டிகாவின் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேவைப்படும் இடத்தில் ஆர்க்டிக்குக்கும் போய் வருவோம்.

படி 1: என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

வெப்பநாடுகளில் ஒரு மாடு செத்தால் ஈக்கள், புழுக்கள், வண்டுகள், கழுகுகள், நாய்கள் எல்லாம் சேர்ந்து சில வாரங்களில் அதை மண்ணோடு மண்ணாக்கிவிடும். அந்த இடத்தின் மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடும். முதலில் அம்மோனியாவின் காரத்தில் புல் கருகும், பிறகு செழித்து வளரும். சடலம் என்றால் உரம் என்ற எண்ணம் இங்கிருந்துதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது.

உலர் பள்ளத்தாக்கில் இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அங்கே சடலத்தை அரிக்க ஓர் ஈ கூடக் கிடையாது. தரைவாழ் பாலூட்டிகளும் இல்லை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 20 டிகிரி கீழே இருக்கும். விழும் பனியை நீராக்கி அளந்தால் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர்கூடத் தேறாது, அதிலும் பெரும்பகுதி உருகாமலேயே ஆவியாகிவிடும். வழிதவறி உள்ளே வந்த சீல் அங்கேயே இறந்து, குளிரிலும் காற்றிலும் உலர்ந்து, தோலும் பற்களுமாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. பறந்து வரும் மணல் அதன் ஒரு பக்கத்தை மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். கடற்கரையிலிருந்து பல பத்து கிலோமீட்டர் உள்ளேயும் இப்படிப்பட்ட உலர்ந்த சீல்கள் கிடக்கின்றன.

ஆகவே உங்கள் ஆய்வு ஒரு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்: இந்தச் சடலம் மண்ணுக்கு உரமாக வேலை செய்கிறதா, மூடாக்காக வேலை செய்கிறதா? தென்னைக்கு அடியில் மட்டையையும் சருகையும் பரப்பினால் அவை மக்கி உரமாவதற்கு வெகு முன்பே ஈரத்தைக் காத்து வெயிலைத் தடுக்கின்றன. உலர்ந்த சீலும் அதே வேலையைச் செய்யக்கூடும். என்னைக் கேட்டால், துருவச் சடல ஆய்வில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வருபவை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தப் பிரிவினைக்காகத்தான்.

படி 2: சடலத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலர்ந்த சீல் மேலே சொன்ன வகை. பெங்குவின் குடியிருப்பு முற்றிலும் வேறு. அன்டார்க்டிகாவின் ராஸ் தீவில் உள்ள கேப் ராய்ட்ஸ், கேப் பேர்ட் போன்ற இடங்களில் அடேலி பெங்குவின்களின் எச்சம், முட்டை ஓடு, இறகு, இறந்த குஞ்சுகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து மண்ணே வேறாகிவிட்டது. யூரிக் அமிலமும் அம்மோனியாவும் பாஸ்பரஸும் உப்பும் அங்கே மிகுதி. உலர் பள்ளத்தாக்குகளில் பரவலாக வாழும் ஸ்காட்னீமா லிண்ட்சேயே என்ற நூற்புழு இந்த மண்ணைத் தாங்குவதில்லை. அதன் இடத்தைப் பிடிப்பது பனாக்ரோலைமஸ் டேவிடி. செல்லுக்குள்ளேயே பனிக்கட்டி உருவானாலும் பிழைத்துக்கொள்ளும் அரிய உயிர் இது. நைட்ரஜனை விரும்பும் பிரசியோலா கிரிஸ்பா என்ற பச்சைப்பாசி இத்தகைய குடியிருப்புகளின் ஓரங்களில் கசங்கிய இலைத் துண்டுகளாகப் படர்ந்திருக்கும்.

ஆர்க்டிக்கில் மூன்றாவது வகை. கனடாவின் வடகோடித் தீவுகளில் மஸ்க் ஆக்ஸ் எனப்படும் கத்தூரி எருது செத்து விழுந்தால், ஓநாயும் நரியும் அண்டங்காக்கையும் பங்குபோடும். கோடையில் ஈக்களும் வரும். பல ஆண்டுகள் கழித்தும் அந்த இடத்துச் செடிகளின் இலைகளில் நைட்ரஜன் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். சடலம் உரமாவது இங்கே ஐயமின்றித் தெரிகிறது. அடியில் நிரந்தர உறைமண் இருப்பதால் சாறு ஆழத்துக்கு இறங்க முடியாமல் மேல்மண்ணிலேயே தங்கி, சரிவு இருக்கும் பக்கம் கசிகிறது. சோமர்செட் தீவில் பழங்கால இனுவிட் மக்கள் திமிங்கில எலும்புகளால் வீடு கட்டி வாழ்ந்த இடத்துக் குளத்தில், அவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் ஊட்டச்சத்து மிகுந்திருந்தது.

மூன்று வகைகளுக்கும் ஒரே முறையைப் பயன்படுத்தக்கூடாது. இனி வரும் படிகள் முதல் வகையைப் பற்றியவை.

படி 3: அனுமதியும் பாதுகாப்பும்

அன்டார்க்டிகாவில் 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை எல்லாவற்றுக்கும் மேல். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் இந்திய அன்டார்க்டிக் சட்டமும் உண்டு. மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகள் 2004 முதல் சிறப்பு மேலாண்மைப் பகுதி. நடந்த தடம் அங்கே பல ஆண்டுகள் அழியாது என்பதால் குறித்த பாதையிலேயே நடக்க வேண்டும், மனிதக் கழிவு உட்பட எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர வேண்டும். ஆர்க்டிக்கில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் பழைய திமிங்கில, வால்ரஸ் வேட்டைக்களங்களின் எலும்புகள் பண்பாட்டுச் சின்னங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன, கல் என்று நினைத்துப் புரட்டிவிடாதீர்கள். இந்திய மாணவர்களுக்கான வழி, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். ஆய்வுத் திட்டங்களை எழுதி அனுப்பலாம்.

பாதுகாப்பை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016 கோடையில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் வழக்கத்துக்கு மீறிய வெயில் அடித்தது. 1941க்குப் பிறகு அங்கே தலைகாட்டாத அடைப்பான் நோய், அதாவது ஆந்த்ராக்ஸ், திரும்பி வந்தது. 2,000க்கும் மேற்பட்ட ரெயின்டீர் மான்கள் மடிந்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். உறைமண் உருகியதில் பழைய சடலங்களின் நோய்வித்துகள் வெளிப்பட்டிருக்கலாம் என்ற கருத்து வலுவாக முன்வைக்கப்பட்டது. அங்கே மான்களுக்குத் தடுப்பூசி போடுவது 2007இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. அன்டார்க்டிகாவின் முதன்மை நிலப்பகுதியில் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் 2024 பிப்ரவரியில் உறுதியானது, இறந்து கிடந்த ஸ்கூவா பறவைகளில். ஆகவே அண்மையில் இறந்த எந்த விலங்கின் அருகிலும் முகக்கவசம், கையுறை, கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது. ஒரு சடலத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது காலணியையும் கருவிகளையும் தொற்றுநீக்க வேண்டும். உங்கள் மாதிரிகளில் கலப்படம் வராமல் இருக்கவும் இதுவே வழி.

படி 4: தொடுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

ஜிபிஎஸ் குறிப்பு, நான்கு திசைகளிலிருந்தும் அளவுகோலுடன் புகைப்படம், உடல் கிடக்கும் திசை, தரையின் சரிவு, காற்று அரித்த பக்கம், எந்தப் பக்கம் பனி சேர்கிறது, எந்தப் பக்கம் மண் கருத்திருக்கிறது: இவை அனைத்தையும் எழுதுங்கள். பல்லும் மண்டையோடும் இருந்தால் இனத்தை அறியலாம். நண்டுண்ணி சீலின் கடைவாய்ப் பற்கள் சல்லடைபோல் பல முனைகளாகப் பிரிந்திருக்கும், வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

வயதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கதிரியக்கக் கார்பன் முறையில் கிடைக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். தென்கடலின் ஆழத்திலிருந்து மேலே வரும் நீரில் பழைய கார்பன் கலந்திருப்பதால், நேற்று இறந்த சீலுக்குக்கூட ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வயது காட்டும். அதற்கான திருத்தத்தைச் செய்த பிறகே வயதைச் சொல்ல வேண்டும்.

படி 5: முதலில் அளக்க வேண்டியது ஈரமும் வெப்பமும்

மண்ணை அள்ளும் ஆவலில் பலரும் இதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெப்பநிலையையும் ஒப்பு ஈரப்பதத்தையும் தானாகப் பதியும் சிறு கருவிகளைக் குறைந்தது மூன்று இடங்களில் புதைக்க வேண்டும்: உடலுக்கு அடியில், ஓரத்தில், தொலைவில் உள்ள வெறும் மண்ணில். ஆழம் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். முடிந்தால் புறஊதாக் கதிர் அளவியும் வையுங்கள். ஒரு பருவம் முழுவதும் பதிவாக வேண்டும். ஓராண்டு முழுவதும் பதிவானால் இன்னும் நல்லது, ஏனென்றால் உறைவதும் உருகுவதும் மாறிமாறி வரும் நாள்களின் எண்ணிக்கைதான் இந்த உயிர்களுக்கு மிகப்பெரிய சோதனை.

இதன் அருமை 2012இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து தெரிந்தது. உலர் பள்ளத்தாக்கில் கிடந்த ஓர் உலர்ந்த சீலை ஆய்வாளர்கள் தூக்கிக் கொண்டுபோய், அதுவரை எதுவும் கிடக்காத வெறும் மண்ணில் வைத்தார்கள். பிறகு பல ஆண்டுகள் அடிமண்ணைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடலுக்கு அடியில் வெப்பநிலை நிலைப்பட்டது, ஈரப்பதம் கூடியது, புறஊதாக் கதிர் குறைந்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் அங்கிருந்த நுண்ணுயிர்க் கூட்டமே மாறிவிட்டது. மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஏழு மடங்கானது. ஆனால் உயிர்வகைகளின் பன்மை கூடவில்லை, குறைந்தது. இந்த மண்ணில் மாற்றம் என்றால் ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆகும் என்று அதுவரை நம்பியிருந்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி.

அந்த ஆய்வை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பழைய சடலத்தின் அடிமண்ணை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால், காரணம் நூற்றாண்டுகளாகக் கசிந்த சாறா, மேலே கிடக்கும் உடலின் நிழலா என்று சொல்லியிருக்கவே முடியாது. எப்போதோ காய்ந்துபோன உடலைப் புது மண்ணில் வைத்ததால் இரண்டும் பிரிந்தன. சீலை நகர்த்த உங்களுக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். அப்போதும் ஒரு வழி இருக்கிறது: அதே அளவும் நிறமும் கொண்ட, ஊட்டம் எதையும் கசியவிடாத ஒரு மூடியை அருகில் நங்கூரமிட்டு வைத்து, அதன் அடிமண்ணையும் சேர்த்து அளங்கள். உரம் தராத மூடாக்கும் அதே மாற்றத்தைச் செய்தால் விடை கிடைத்துவிடும்.

படி 6: மாதிரி எடுக்கும் இடங்கள்

உடலுக்கு அடியில், ஓரத்தில், ஒரு மீட்டரில், ஐந்து மீட்டரில், இருபது மீட்டரில் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோடு போதாது. சரிவின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, காற்று வரும் பக்கம் ஒன்று, காற்று போகும் பக்கம் ஒன்று என நான்கு வேண்டும். கரைந்த சத்து சரிவோடு இறங்கும். காற்றோ முடித்துணுக்குகளை மட்டும் கொண்டுபோவதில்லை. உலர்ந்து உறங்கும் நூற்புழுக்களும் தூசியோடு பறக்கின்றன. சடலத்தின் தாக்கம் இல்லாத மண் என்று நீங்கள் நம்பி எடுக்கும் ஒப்பீட்டு மாதிரி காற்று போகும் பக்கத்தில் இருந்தால், அது கலப்படமாகவே இருக்கும். சரிவிலும் காற்றிலும் மேலே உள்ள இடமே ஒப்பீட்டுக்குச் சரி.

ஒரே ஒரு சடலத்தை வைத்துப் பொதுமுடிவு எழுதாதீர்கள். ஒரே பள்ளத்தாக்கில் குறைந்தது மூன்று, நான்கு உடல்களாவது வேண்டும். ஒவ்வொன்றும் கல், உப்பு, ஈரம் எல்லாவற்றிலும் வேறுபட்டிருக்கும்.

படி 7: மண்ணை எடுப்பது

மேலே பரவிக்கிடக்கும் கூழாங்கற்களைக் கையுறையோடு ஒவ்வொன்றாக ஒதுக்குங்கள், எடுத்த நிலையிலேயே திருப்பி வைக்க வேண்டியிருக்கும். ஒளி ஊடுருவும் வெண்ணிறக் குவார்ட்ஸ் கல் இருந்தால் அதன் அடியைப் பாருங்கள், பச்சைப் படலம் ஒட்டியிருக்கலாம். அது நீலப்பச்சைப் பாக்டீரியா. கல்லும் தன் பங்குக்கு மூடாக்காக இருப்பதை அங்கேயே காணலாம்.

பிறகு நுண்ணுயிர் நீக்கிய பிளாஸ்டிக் கரண்டியால் 10 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணை எடுத்து, நுண்ணுயிர் நீக்கிய பையில் இடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் புதுக் கரண்டி. தொலைவில் உள்ள ஒப்பீட்டு இடத்தில் தொடங்கி, சடலத்துக்கு அடியில் முடியுங்கள், ஒருபோதும் எதிர்த்திசையில் போகாதீர்கள். உடல் தரையோடு உறைந்து ஒட்டியிருந்தால் நெம்பவே கூடாது. ஓரத்திலிருந்து சாய்வாகக் கரண்டியைச் செலுத்திக் கிடைப்பதை எடுங்கள், போதும்.

மாதிரிகள் உடனே குளிர்காப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். இங்கேதான் பலரும் நினைக்காத ஆபத்து இருக்கிறது: இந்த உயிர்களைக் கொல்வது குளிரைவிட உங்கள் கூடாரத்தின் கதகதப்பு. ஸ்காட்னீமா 10 டிகிரியில் ஒரு தலைமுறையை முடிக்க ஏறத்தாழ 218 நாள்கள் ஆகும், 15 டிகிரியில் அது இனப்பெருக்கமே செய்வதில்லை. சேமிக்கும்போதும் சட்டென்று உறையவைக்காமல், வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கி உறைநிலைக்கு 20 டிகிரி கீழே கொண்டுபோங்கள். மெல்லக் குளிர்ந்தால் அவை உடல்நீரை இழந்து சுருண்டு, உறக்கநிலைக்குப் போக நேரம் கிடைக்கும். டிஎன்ஏ ஆய்வுக்கான பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து உடனே உறையவையுங்கள்.

படி 8: ஆய்வகத்தில்

ஈரத்தை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடையிட்டு அறியலாம். கார அமிலத் தன்மை, மின்கடத்துதிறன், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் பிரித்த அம்மோனியமும் நைட்ரேட்டும், மொத்தக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவை வழக்கமான அளவீடுகள். உப்பைக் கவனமாகப் பாருங்கள். சடலத்தின் ஓரத்தில் ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தால், சத்து எவ்வளவு இருந்தாலும் அங்கே நூற்புழுக்கள் குறைவாகவே கிடைக்கும்.

நூற்புழுக்களைப் பிரிக்கச் சர்க்கரைக் கரைசல் முறையே சிறந்தது. 100 கிராம் மண்ணைக் குளிர்ந்த நீரில் கலக்கிச் சல்லடையில் வடித்து, லிட்டருக்கு 454 கிராம் சர்க்கரை கொண்ட கரைசலில் இட்டுச் சுழற்றினால், மண் அடியில் தங்கும், புழுக்கள் மிதக்கும். உடனே நுண்சல்லடையில் பிடித்துக் குளிர்நீரால் கழுவ வேண்டும், சர்க்கரையில் நீண்ட நேரம் விட்டால் அவற்றின் உடல்நீர் வற்றிவிடும். புனலில் மண்ணை வைத்து, நகர்ந்து இறங்குபவற்றை மட்டும் சேகரிக்கும் பழைய முறை இங்கே உதவாது. உறங்கும் புழு நகராது, நீங்களும் அங்கே உயிரில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

நுண்ணோக்கியில் உயிருள்ளவை, இறந்தவை, ஆண், பெண், இளம்புழு எனத் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஸ்காட்னீமா நீர் கிடைத்த சற்று நேரத்தில் சுருள் அவிழ்ந்து நெளியத் தொடங்கும். ஈரமான மண்ணில் பிளெக்டஸ், யூடோரிலைமஸ் என்ற வேறு நூற்புழுக்கள் கூடும். உலர்ந்த ஒப்பீட்டு மண்ணில் ஸ்காட்னீமாவும் சடலத்தின் அடிமண்ணில் பிளெக்டஸும் மிகுந்திருந்தால், ஈரமே முடிவு செய்திருக்கிறது என்பதற்கு அது நல்ல தடயம்.

டிஎன்ஏ விஷயத்தில் நிதானம் வேண்டும். குளிர்ந்து உலர்ந்த மண்ணில் இறந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ நெடுங்காலம் அழியாமல் கிடக்கும். வரிசைப்படுத்திக் கிடைத்த பட்டியலில் எது வாழ்கிறது, எது என்றோ செத்தது என்று அதுவே சொல்லாது. உயிர் போனதும் டிஎன்ஏவைவிட விரைவில் சிதையும் ஆர்என்ஏவையும் சேர்த்துப் பாருங்கள், களத்தில் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தையும் அளங்கள். அந்த வாயு அளவீட்டிலும் ஒரு பொறி உண்டு. இந்த மண் உயிரின் துணை இல்லாமலேயே சூடாகும்போது வாயுவை வெளியிட்டு, குளிரும்போது உறிஞ்சும். எனவே நண்பகலில் ஒருமுறை அளந்துவிட்டு வரக்கூடாது. முழு நாள் சுழற்சியை, ஒப்பீட்டு மண்ணோடு சேர்த்து அளக்க வேண்டும்.

படி 9: எண்களை வாசிப்பது

உயிர்ச்செயல் கூடிப் பன்மை குறைவதைக் கண்டால் தவறு நேர்ந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். வறட்சியும் கதிரும் உறைபனியும் அடிக்கும் வெறும் மண்ணில் எவரும் ஓங்க முடியாததால் பலவகைகளும் சிறிது சிறிதாகத் தங்கியிருக்கின்றன. நிலை சீரானதும் வேகமாகப் பெருகும் சிலவகைகள் மற்றவற்றை நெருக்கித் தள்ளிவிடுகின்றன.

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். பாக்டீரியாக் கூட்டம் மூன்று ஆண்டுகளில் மாறலாம். ஒரு தலைமுறைக்கு 218 நாள்கள் வேண்டிய நூற்புழுவுக்கு, ஆண்டில் சில வாரங்களே மண் இளகியிருக்கும் இடத்தில், அதே மாற்றத்தைக் காட்ட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இரண்டும் ஒரே வேகத்தில் மாறவில்லை என்பதால் ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை.

படி 10: திரும்பிப் போவது

ஒரு பருவத்தோடு இதை முடித்துவிடாதீர்கள். அடுத்த கோடையில் அதே ஜிபிஎஸ் புள்ளிக்குப் போய், தோண்டிய குழிக்கு அருகில், குழியில் அல்ல, புதிய மாதிரி எடுங்கள். காற்றோ உருகுநீரோ சடலத்தை நகர்த்தியிருந்தால் அது நல்வாய்ப்பு. உடல் போன பிறகு வெறிச்சோடிய அந்த இடத்தின் மண்ணை ஆண்டுதோறும் அளந்து வாருங்கள். மூடாக்கு நீங்கியதும் ஈரமும் உயிர்க்கூட்டமும் பழைய நிலைக்குத் திரும்பினால் ஒரு விடை. ஈரம் போன பிறகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தங்கி, பாக்டீரியாக் கூட்டமும் மாறாமல் நின்றால் வேறு விடை. முடிவுகளோடு எல்லா எண்களையும், எதுவும் கிடைக்காத மாதிரிகளின் பூஜ்யங்களையும் சேர்த்து, பொதுத் தரவுக் களஞ்சியத்தில் இடுங்கள். அதே சீலைத் தேடி அடுத்து வருபவர் உங்கள் புகைப்படத்தையும் குறிப்பையும் வைத்துத்தான் எங்கே தோண்டுவது, எங்கே கைவைக்கக்கூடாது என்று முடிவு செய்வார்.